போனவரின் சாவி

மருமகளை மாட்டிவிட வழி கேட்டு வந்த மாமியார்களை அந்தத் துப்பறியும் அலுவலகம் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறது. மருமகளைக் காப்பாற்றச் சொல்லி வந்த முதல் மாமியார் இவள்தான்.

"தப்பா நெனைக்காதீங்க, எனக்கும் அவளுக்கும் ஆகாது," என்று ஆரம்பித்தாள் அந்த அம்மாள், பக்கத்து நாற்காலியில் மருமகளை உட்கார வைத்துக்கொண்டே. "வாய் காது வரைக்கும் நீளும். ஒரு சொல் சொன்னா ஒம்போது சொல் திரும்பி வரும். அது எங்க வீட்டுச் சண்டை. ஆனா திருட்டுத்தனம் மட்டும் இவளுக்கு வராது. வந்திருந்தா இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு நல்ல பேராவது வாங்கியிருப்பா."

மருமகள் கூரையைப் பார்த்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த துப்பறிவாளர் சிரிக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் அவள் 'அண்ணி'. முறைப்படி அப்படிக் கூப்பிட வேண்டியவன் ஒருவன்தான்: அவள் கணவரின் தம்பி, அவளுடைய உதவியாளன். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போலீஸ்காரர்கள் வாயில்கூட அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதே கணக்கில் அவனும் எல்லாருக்கும் 'கொழுந்தன்' ஆகிவிட்டான். கீழே அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கொழுந்தனுக்கு முதலில் அங்கேதான் வேலை. "இந்த மூக்குல கண்ணாடி நிக்காதுங்க, கயிறு கட்டித்தான் தொங்கவிடணும்" என்று ஒரு நீதிபதியிடம் சொன்ன அன்றே மாடிக்கு அனுப்பப்பட்டான்.

வழக்கு இதுதான். ஒரே அறக்கட்டளையின் கீழ் ஐந்து ஆஸ்பத்திரிகள். ஐந்திலும் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களை ஒரே வரிசையாகச் சேர்த்து வைக்கிறது ஒரு கம்ப்யூட்டர் மென்பொருள். மருமகள் அதன் டேட்டா ஆபரேட்டர். வரிசையில் முதலில் நின்றவள் ஒரு பஸ் டிரைவரின் மகள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் டயாலிசிஸ் படுக்கைக்குப் போய்க்கொண்டிருப்பவள். போன மாதம் ஒரு சிறுநீரகம் கிடைத்தது. கூப்பிட்டுச் சொன்னார்கள், வரச் சொன்னார்கள், வந்த பிறகு திருப்பி அனுப்பினார்கள். அது, அவளுக்குப் பின்னால் எங்கோ நின்ற ஒரு சிமெண்ட் வியாபாரிக்குப் போயிருந்தது. டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்திய பிறகுதான் தோண்டிப் பார்த்தார்கள். வரிசையைப் போடும் விதியை யாரோ மாற்றியிருந்தார்கள். மாற்றியது மருமகளின் பெயரில் உள்ளே நுழைந்த ஆள். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை அந்த வார முடிவில். அதற்குப் பின் போலீஸ்.

"நான் காலையில வந்து பட்டனைத் தட்டி ஓட்டிவிடுறவ. அவ்வளவுதான் என் வேலை," என்றாள் மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு. "விதியைத் தொடுற அதிகாரமே எனக்குக் கிடையாது. இல்லாத அதிகாரத்தை நான் துஷ்பிரயோகம் பண்ணிட்டேனாம்!"

"விதி மாறின அன்னைக்குக் காலையில ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?" அண்ணி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையே. பாஸ்வேர்டு எடுக்கல. அது அங்க யாருக்காவது அடிக்கடி நடக்கும். போன் பண்ணேன், புதுசு குடுத்தாங்க."

"தப்பா அடிச்சிருப்பீங்களோ?"

"என் புருஷன் பேரைக்கூட மறப்பேன், அதை மறக்க மாட்டேன்."

"மறந்தாத் தேவலை," என்றாள் மாமியார். "வாய்க்கு வாய் பேர் சொல்லித்தான் கூப்பிடுறா."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் நிமிர்ந்தால் வழக்கு கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். "ஆஸ்பத்திரிக்குள்ள எங்களை விடுவாங்களா?"

"ஆஸ்பத்திரியை நடத்துற எம்.டி.கிட்ட சொல்லிட்டேன். என் மருமகளைக் குத்தத்தை ஒப்புக்க வைக்கத்தான் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரேன்னு. சந்தோஷமா தலையை ஆட்டினார். மாமியார் வாயால இதைக் கேட்டா எவன் நம்பமாட்டான்?"

கொழுந்தன் எழுந்து நின்று அந்த அம்மாளுக்குக் கும்பிடு போட்டான்.

* * *

"இது சாஃப்ட்வேர் இல்ல மேடம், கோட்டை!"

ஆஸ்பத்திரியின் சிஸ்டம் மேனேஜர் கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின. மூன்றிலும் அவர் படமே இருந்தது. குளிரூட்டிய அறையில், விறைத்துப் போன விரல்களால் திரையைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"அஞ்சு ஆஸ்பத்திரியிலயும் அஞ்சு விதமா எழுதி வெச்சிருப்பாங்க. ஒருத்தன் நாளை முதல்ல போடுவான், இன்னொருத்தன் மாசத்தை முதல்ல போடுவான். இது எல்லாத்தையும் இழுத்து, கழுவி, ஒரே அச்சுல வார்த்துக் குடுத்துரும். யாரு எதைத் தொடலாம்னு ஆளுக்கு ஆள் அனுமதி உண்டு. சிலருக்குப் பார்க்க மட்டும். சிலருக்கு ஓட்ட மட்டும். சிலருக்குத்தான் விதியை மாத்த. ஈ, எறும்பு நுழைய முடியாது."

"ஆபரேட்டருக்கு?"

"ஓட்ட மட்டும்."

"அப்ப விதியை எப்படி மாத்தினா?"

"அன்னைக்கு மட்டும் அவங்களுக்கு மாத்துற அனுமதி இருந்துச்சு மேடம்."

"யாரு குடுத்தது?"

கோட்டைக்காரர் கழுத்து அட்டைகளைச் சரி செய்தார். "அதைப் பதிஞ்சு வைக்கிற வசதி இதுல இருக்கு."

"எடுங்க, பாப்போம்."

"இடம் அடைக்குதுன்னு நிறுத்தி வெச்சிருக்கோம்."

"மதில் இருக்கு, அகழி இருக்கு, முதலைகூட வளர்ப்பீங்க போல," என்றான் கொழுந்தன். "காவக்காரனை மட்டும் இடம் அடைக்குதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா சார்?"

"தம்பி," என்றாள் அண்ணி. அந்த ஒரு சொல்லுக்கு 'வாயை மூடு' என்று பொருள். "விதியில என்ன மாத்தினாங்க சார்?"

அது எளிய வேலைதான். சிறுநீரகத்துக்குப் பதிவு செய்த தேதியிலிருந்து காத்திருப்பைக் கணக்கிட வேண்டும். ஒரே ஒரு கிளை ஆஸ்பத்திரிக்கு மட்டும், அங்கே முதன்முதலில் நோயாளிச் சீட்டுப் போட்ட தேதியை எடுத்துக்கொள்ளும்படி மாற்றியிருந்தார்கள். சிமெண்ட் வியாபாரி அந்தக் கிளைக்குப் பல வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனவர். தும்மின நாளிலிருந்து சிறுநீரகத்துக்குக் காத்திருப்பதாக மென்பொருள் நம்பிவிட்டது. விதியை இப்போது பழையபடி திருத்திவிட்டார்கள்.

"அதாவது, சீட்டுப் பழசுன்னு தெரிஞ்ச ஆள் செஞ்ச வேலை," என்றாள் அண்ணி. "சரி. பாஸ்வேர்டு எடுக்கலைன்னா, யாரால புதுசு போட முடியும்?"

"அட்மின் அதிகாரம் உள்ளவங்களால மட்டும்."

"அன்னைக்குக் காலையில அந்தப் பொண்ணோட பாஸ்வேர்டு எடுக்கல. அவ வர்றதுக்கு முன்னாலயே யாரோ அதை மாத்திட்டாங்க. மாத்தி, அவ பேர்ல உள்ளே போய், அவளுக்கு அனுமதியும் குடுத்து, விதியைத் திருத்திட்டு வெளியே வந்திருக்காங்க. அட்மின் யார் யாரு?"

"நான். அப்புறம் எம்.டி."

"எம்.டி.க்கு எதுக்கு?"

"அவரைவிட அதிக அதிகாரம் இங்க யாருக்கும் இருக்கக் கூடாதுன்னார். குடுத்தோம். ஆனா அவருக்கு உள்ளே நுழையத் தெரியாது."

"வேற யாரும் இல்லையே? திரையில பாத்துச் சொல்லுங்க."

கோட்டைக்காரர் அலட்சியமாகத் திரையைத் திறந்தார். மூன்று பெயர்கள் இருந்தன.

"இந்த மூணாவது?"

"இது... சாஃப்ட்வேரைப் போட்டுக் குடுத்த இன்ஜினியர். வேற தேசத்துக்கே போயிட்டார் மேடம். அவர் போன பிறகு இந்தக் கட்டடத்துக்கு ரெண்டு தடவை வெள்ளையடிச்சாச்சு."

"ஆள் போயிட்டார். சாவி போகலையே?"

குளிரூட்டிய அறையில் கோட்டைக்காரருக்கு வியர்த்தது. அவர் கை விசைப்பலகைக்குப் பாய்ந்தது.

"கையை எடுங்க," என்றாள் அண்ணி. "அழிச்சிட்டா, அந்தச் சாவியை வெச்சிருக்கிறவன் நல்லவனாயிடுவான். இருக்கட்டும். நான் சொல்றதை மட்டும் செய்யுங்க." அவர் காதருகே குனிந்து என்னவோ சொன்னாள். அவர் முதலில் விழித்தார், பிறகு தலையாட்டினார்.

வெளியே வந்ததும் கொழுந்தன் பொருமினான். "அண்ணி, திருடன் கையிலயே சாவியைக் குடுத்துட்டு வர்றீங்களே! எனக்கு அந்தக் கோட்டைக்காரர் மேலதான் சந்தேகம்."

"வீட்டுக்காரன் எதுக்குத் தம்பி ஓட்டைப் பிரிச்சு இறங்கணும்? அவர்கிட்டதான் வாசல் சாவியே இருக்கு. அவர் முட்டாள், வேணும்னா சத்தியம் பண்றேன். திருடன் இல்ல."

* * *

மறுநாள் காலை ஆஸ்பத்திரி முழுக்க ஒரு அறிவிப்புப் போனது. மென்பொருளில் புது ஏற்பாடு வருகிறது, ஒவ்வொரு பிரிவின் தலைவரும் நேரில் வந்து, தனக்கு என்ன அனுமதி வேண்டும் என்று சொல்ல வேண்டும், கேட்காதது வெட்டப்படும்.

வெட்டப்படும் என்ற சொல்லுக்கு இருக்கும் மகிமை வேறு எந்தச் சொல்லுக்கும் கிடையாது. அதுவரை அந்த மென்பொருளைத் திறந்தே பார்க்காதவர்கள் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கோட்டைக்காரருக்குப் பக்கத்தில் அண்ணியும் கொழுந்தனும் ஆலோசகர்கள் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமை அறுவை மருத்துவர் உட்காரவே இல்லை. "எனக்குக் கீழ இருக்கிறவனுக்கு என்னென்ன இருக்கோ, அதெல்லாம் எனக்கு வேணும்."

"அதெல்லாம் என்னன்னு தெரியுமா டாக்டர்?" என்று கேட்டான் கொழுந்தன்.

"தெரிஞ்சுக்க எனக்கு நேரம் இல்ல. வேணும்."

விளம்பரப் பிரிவு அம்மையார் விதியை மாற்றும் அனுமதி கேட்டார். எந்த விதியை என்று கேட்டதற்கு, "இருக்கிறதுலயே பெரிய விதி" என்றார். கேன்டீன் காண்டிராக்டர் அட்மின் அதிகாரம் கேட்டார். சலவைப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டுத் தனக்கு இல்லை என்றால் மரியாதை என்னாவது என்றார். சலவைப் பிரிவுக்கு யாரும் கொடுக்கவில்லை என்றதும், "அப்ப அவனுக்கு முன்னால எனக்குக் குடுங்க" என்றார். இத்தனை பேருக்கு உயிர் காக்கும் பொறுப்பைக் கொடுத்து வைத்திருக்கும் கட்டடம் எப்படி இன்னும் இடியாமல் நிற்கிறது என்று கொழுந்தனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக வந்தவரைப் பார்த்ததும்தான் அவன் மனசு கொஞ்சம் ஆறியது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை ஒருங்கிணைப்பாளர். நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் நடுவில் நின்று, உறுப்பு கிடைத்தால் குடும்பத்துக்குச் சொல்லி, அழுகிறவர்களைத் தேற்றி அனுப்புகிறவர். அதிர்ந்து பேச மாட்டார். எல்லாரும் அவரைச் 'சாது' என்றுதான் சொன்னார்கள். டிரைவரின் மகளைத் திருப்பி அனுப்பிய அன்று தானும் அழுதவர் என்று நர்ஸ்கள் சொல்லியிருந்தார்கள்.

"எனக்குப் பார்க்க மட்டும் போதும் சார்," என்றார் சாது, நாற்காலி நுனியில் உட்கார்ந்து. "மாத்துறது கீத்துறதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம். தேவையில்லைன்னா அதையும் எடுத்துக்கங்க."

அவர் போனதும் கொழுந்தன் பெருமூச்சு விட்டான். "பேராசை பிடிச்ச இந்தக் கும்பல்ல இருக்கிற ஒரே மனுஷன் அண்ணி."

"ம்," என்றாள் அண்ணி. "சாயங்காலம் கோட்டைக்காரர்கிட்ட, நேத்து சொன்னது தயாரான்னு கேட்டுட்டு வா."

* * *

அதற்கடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி நடைபாதையில் எல்லாரும் வேகமாக நடந்தார்கள். சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்திருந்தது. மதியத்துக்குள் வரிசையைப் பார்த்து, பொருந்துகிற முதல் ஆளைக் கூப்பிட வேண்டும்.

அந்த நேரத்தில் அண்ணி, கொழுந்தன், கோட்டைக்காரர் மூவரும் இரண்டாம் மாடியில், யாரும் எட்டிப் பார்க்காத பழைய ரெக்கார்டு அறையில் இருந்தார்கள். தூசி படிந்த அலமாரிகளுக்கு நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து உயிர் கொடுத்திருந்தார் கோட்டைக்காரர். அண்ணி சொல்படி அவர் ஒரு அலமாரிக்குப் பின்னால் நின்றார். அவருடைய அட்டைகள் ஒன்றோடொன்று உரசின.

"கழுத்து மணியைக் கழட்டுங்க சார்," என்று முணுமுணுத்தான் கொழுந்தன். "மாடு தொலைஞ்சா நாங்க தேடிக்கிறோம்."

நடையில் காலடி கேட்டது. கதவு மெல்லத் திறந்தது. எட்டிப் பார்த்த முகத்தைக் கண்டதும் கொழுந்தன் வாயைப் பிளந்தான்.

சாது.

அவர் கண் முதலில் போனது கம்ப்யூட்டர் மேல். பிறகுதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தார். "அடடா, ஆள் இருக்கீங்களா? பழைய கேஸ் கட்டு ஒண்ணு தேடி வந்தேன்."

"தேடுங்க," என்றாள் அண்ணி. "கம்ப்யூட்டரும் வேணுமா?"

சாது கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தார். மதியத்துக்கு அதிக நேரம் இல்லை. "ஒரு சின்ன வேலை. பாஸ்வேர்டு மாத்துறது எல்லாம் இனிமே இந்த அறை கம்ப்யூட்டர்லதான்னு மேனேஜர் சார் சொன்னார்."

"நான் எப்பய்யா சொன்னேன்?" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

சாது திடுக்கிட்டார். உடனே சமாளித்தார். "நீங்க இல்லைன்னா வேற யாராவது இருக்கும். எல்லாருக்கும் சொன்ன விஷயம்தானே."

"எல்லாருக்கும் சொல்லல," என்றாள் அண்ணி. எழுந்து கதவைச் சாத்தினாள். "யாருக்குமே சொல்லல. போன இன்ஜினியரோட சாவியைப் போட்டு ஒருத்தர் உள்ளே வந்து, இன்னொருத்தர் பாஸ்வேர்டை மாத்தப் பாத்தா, அவர் திரையில மட்டும் ஒரு வரி வரும்: 'இந்த வேலை இனி இரண்டாம் மாடி ரெக்கார்டு அறை கம்ப்யூட்டரில் மட்டும்.' இந்த உலகத்துல அந்த வரியைப் படிச்ச ஆள் ஒருத்தர்தான். அவர் படியேறி வந்து நிக்கிறார்."

சாதுவின் முகத்தில் இருந்த பணிவு, ஈரத்துணியால் துடைத்தது போலப் போயிற்று.

"அண்ணி, உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றான் கொழுந்தன்.

"நேத்தே. எல்லாரும் பசின்னு அடிச்சுக்கிற இடத்துல ஒருத்தர் மட்டும் ஏப்பம் விட்டார். வேற எங்கேயோ வயிறு நிறைஞ்ச ஆளாத்தான் இருக்கணும். சாஃப்ட்வேர் போட்டப்ப, வரிசை சரியா வருதான்னு சோதிக்க இன்ஜினியர் உங்ககிட்டதானே சாவியைக் குடுத்தார்? மேனேஜருக்கு நேத்து ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. இன்னைக்கு யாரை முன்னால தள்ள வந்தீங்க?"

"உங்களுக்கு என்ன தெரியும்?" சாதுவின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "அந்தச் சிமெண்ட் வியாபாரியை நம்பி எத்தனை குடும்பம் பொழைக்குது தெரியுமா? ஒரு பஸ் டிரைவர் பொண்ணு பொழைச்சு எதைச் சாதிக்கப் போறா? வரிசை வரிசைன்னு... வரிசை போடத் தெரியாதவனுக்குத்தான் கம்ப்யூட்டர். எனக்குத் தெரியும் யாரு முக்கியம்னு. எம்.டி.யைக் கூப்பிடுங்க. அவர்கிட்ட பேசிக்கிறேன்."

எம்.டி. வந்தார். கேட்டார். நெற்றியைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது வெளியே போனா அஞ்சு ஆஸ்பத்திரிக்கும் அசிங்கம். இவரை நான் அமைதியா அனுப்பிடறேன். அந்தப் பொண்ணு ஏற்கெனவே வெளியேதான் இருக்கா. அவளை ஒப்புக்க வைக்கத்தானே நீங்க வந்தீங்க? அவளுக்கு வேற இடத்துல ஒரு வேலை..."

"தம்பி, கதவைத் திற," என்றாள் அண்ணி.

கொழுந்தன் திறந்தான். நடையில் பஸ் டிரைவர் நின்றிருந்தார், காக்கிச் சட்டையோடு. அவருக்குப் பக்கத்தில் அண்ணி சொல்லி வரவழைத்த போலீஸ் அதிகாரி. அவர்களுக்குப் பின்னால் மாமியாரும் மருமகளும். எம்.டி. தாழ்த்திப் பேசியது மாமியாருக்குக் கூடக் கேட்டிருந்தது.

"ஏங்க," என்றாள் அவள், "என் மருமகளைத் திட்ட நான் ஒருத்தி போதாதா? நீங்க வேறயா?"

எம்.டி. போலீஸ் அதிகாரிக்கு வழி விட்டு ஒதுங்கினார்.

டிரைவர் சாதுவை நெருங்கினார். அதிகாரி குறுக்கே கை நீட்டினார், தேவைப்படவில்லை. டிரைவர் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. கோட்டைக்காரர் பக்கம் திரும்பி, "என் பொண்ணு இன்னைக்கு எங்க நிக்கிறா?" என்று மட்டும் கேட்டார்.

கோட்டைக்காரர் அந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வரிசையை எடுத்தார். ஒரு முறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "முதல்ல சார். ரத்த வகையும் சேருது."

டிரைவர் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு ஓடினார்.

குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது ஒருங்கிணைப்பாளர் வேலை. ஒருங்கிணைப்பாளரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. யார் போவது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் போறேன்," என்றாள் மருமகள்.

டயாலிசிஸ் அறையின் கடைசிப் படுக்கையில் அந்தப் பெண் ஒரு கையில் ஊசியும் மறு கையில் கணக்குப் பாடப் புத்தகமுமாகப் படுத்திருந்தாள். கொழுந்தன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மருமகள் அருகில் போய்ச் சொன்னாள்.

பெண் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன தடவையும் இப்படித்தான் வந்து சொன்னாங்க."

"போன தடவை சொன்னது நான் இல்ல."

இப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். மருமகளை அவளுக்குத் தெரிந்திருந்தது. வேலையை விட்டு நிறுத்தி வெளியே அனுப்பிய நாளில் அந்த முகத்தை எல்லாரும் காட்டியிருந்தார்கள். "என் இடத்தை வித்தது நீங்கதான்னு சொன்னாங்க."

"சொன்னாங்க."

"வித்தீங்களா?"

"இல்ல."

 பெண் பக்கத்தில் இருந்த பென்சிலைப் பக்கங்களுக்கு நடுவே வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

"அப்ப நீங்களே கூட வாங்க," என்றாள். "வழியில யாரு வந்து திருப்பிப் போகச் சொன்னாலும், நிக்காம கட்டிலைத் தள்ளிக்கிட்டே போங்க."